டேங்குக்கு அடியில் ஒரு சுவிட்ச்

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுவேன். எழுதுவது அதைவிடக் கஷ்டமாக இருக்கிறது. ஒன்றைச் சொல்ல உட்கார்ந்தால் பாதியில் இன்னொன்று மறந்துபோகிறது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வலங்கைமான் ரோட்டில், எங்கள் ஊருக்குத் திரும்புகிற இடத்தில் மாமா ஒரு கீற்றுக் கொட்டகை போட்டிருந்தார். அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகாதவர், எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. சைக்கிள் பஞ்சர், பம்புசெட்டு என்று எல்லாம் பார்ப்பார் என்றாலும் அவர் பெயர் பெற்றது மோட்டார் சைக்கிளில்தான். அந்தப் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அத்தனை பேரும் அவரிடம்தான் வந்தார்கள். வண்டியை உதைக்கிற சத்தத்தை வைத்தே கோளாறு என்ன என்று சொல்லிவிடுவார். அதில் மாமாவுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அம்மாவுக்கு அந்தக் கர்வம் பிடிக்காது. கிரீஸ் கையோடு வருகிறவரை வாசலிலேயே நிறுத்தி, "அந்தக் கையால சொம்பத் தொடாதே" என்பாள்.

அப்போது கழக ஆட்சி வந்து கொஞ்ச வருஷம்தான் ஆகியிருந்தது. குத்தகைக்கு உழுகிறவர்கள் பேரைப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. அப்பா மிராசுதார் நிலத்தில் பத்து மா குத்தகைக்குச் செய்துகொண்டிருந்தார். தாத்தா காலத்திலிருந்து செய்வதுதான், ஆனால் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. மிராசுதாரோ, அது என் சொந்தப் பண்ணை, அவன் வெறும் கூலியாள் என்று சொல்லத் தொடங்கிவிட்டார். அந்தத் தை மாதம் யார் அறுக்கிறார்களோ அவர் பேரைத்தான் ஊர்க் கணக்குப் பார்க்கிற கர்ணம், சாகுபடிக்காரர் என்று எழுதுவார் என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரியும். அறுப்பை விட்டால் நிலம் போச்சு. இதெல்லாம் எனக்கு வெகு காலம் கழித்துத் தெரிந்தது. அப்போது நான் பாவாடை தடுக்கி விழுகிற பிள்ளை.

ஊரெல்லாம் கொடியும் கோஷமுமாக இருந்ததால் மிராசுதாருக்குத் தன் மோட்டார் சைக்கிளைப் பற்றி ஒரே பயம். பக்கத்து ஊரில் ஒருவருடைய வண்டியை யாரோ கிளப்பிக்கொண்டு போய் வாய்க்காலில் தள்ளிவிட்டார்களாம். அந்த வண்டிகளின் சாவி பேருக்குத்தான் சாவி. ஓர் ஆணியை விட்டுத் திருப்பினாலும் திரும்பும். சாவி போட்டாலும் கிளம்பாதபடி ஏதாவது செய் என்று மாமாவிடம் வந்து நின்றார்.

மாமா, பேட்டரியிலிருந்து காயிலுக்குப் போகிற வயரை நடுவில் வெட்டி அங்கே ஒரு சின்ன சுவிட்சைச் சேர்த்தார். அதைத் தட்டிவிட்டால் பிளக்குக்குக் கரண்ட் போகாது, உதைத்து உதைத்துக் கால் ஓய வேண்டியதுதான். பெட்ரோல் டேங்குக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத சந்து ஒன்றில் அதை வைக்க வேண்டும். மாமாவின் விரல் தடித்த விரல். நான்தான் உள்ளே கையை விட்டு வயரை இழுத்துக் கொடுத்தேன்.

"இது எனக்கும் ஒனக்குந்தான் தெரியணும்," என்றார் மிராசுதார்.

"பண்ணை ஏஜெண்டு அய்யாவும் இத ஓட்டுவாருங்களே?"

"அவனுக்குத்தான் மொதல்ல தெரியக் கூடாது." அப்புறம் என் பக்கம் திரும்பினார். "இந்தக் குட்டி?"

நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக் காட்டினேன்.

கோர்ட்டு விஷயமாக மிராசுதார் மெட்ராஸ் போன சமயம் பார்த்து அப்பா அறுப்பு வைத்தார். அம்மா என்னை மாமாவின் கொட்டகையில் விட்டுவிட்டு அரிவாளோடு போனாள். அவளுக்கு அப்போது முதுகுவலி. வெயில் ஏறுகிற நேரத்துக்குப் பண்ணை ஏஜெண்ட் அந்த மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். பருத்த உடம்பு, சட்டை முழுக்க வேர்வை.

"என்னான்னு பாருப்பா. பெட்ரோல் இருக்கு, சாவி போட்டாச்சு, செத்தது மாதிரி நிக்கிது. நான் வலங்கைமான் ஸ்டேஷனுக்கு நேர்ல போயி சொல்லணும். லாரில அறுப்பு ஆளும் ஏத்தியாரணும்."

அறுப்பு ஆள் என்பதுதான் என் காதில் விழுந்தது. லாரி நிறைய ஆள் வந்து கைகொடுத்தால் அம்மா சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று எனக்குச் சந்தோஷம். ஸ்டேஷன் எதற்கு என்று புரியவில்லை. கூட்டம் கூடுகிற இடமெல்லாம் போலீஸ் வருமே, தேருக்கு வருவது போல இதற்கும் வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா பிளக்கைக் கழற்றி எஞ்சின்மேல் வைத்து உதைத்துப் பார்த்தார்.

"கரண்டே வரலீங்க."

"ஏன் வரல?"

"அததாங்க பாக்கணும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மிராசுதார் சுவிட்சைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறார், அவ்வளவுதானே. மாமாவுக்கு மறந்துவிட்டது. ஏஜெண்ட் இருக்கும்போது வாயைத் திறக்கவும் கூடாது. கண்ணால் டேங்கைக் காட்டினேன். புருவத்தைத் தூக்கினேன். மாமா என்னைப் பார்த்து, "கண்ணுல தூசி விழுந்துட்டுதா பாப்பா? போயி மூஞ்சிய கழுவிட்டு வா" என்றார்.

கழுவிவிட்டு வந்தால் காயிலைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருக்கிறார். அப்புறம் பாயிண்ட்டை உப்புத்தாளால் தேய்த்தார். அதையும் அவசரமில்லாமல், பாத்திரம் விளக்குகிற மாதிரி. எனக்குக் கால் ஓர் இடத்தில் நிற்கவில்லை. ரோட்டுக்கு ஓடுவேன், திரும்பி வருவேன், டேங்கைப் பார்ப்பேன்.

எதிர்ச்சாரி டீக்கடைக்காரர் வேறு கிளாஸைக் கழுவிக்கொண்டே, "என்னங்க ஏஜெண்டு சார், வண்டி கோவிச்சுக்கிட்டுதா? காலை பஸ்ஸும் போயிட்டுது. என் சைக்கிளு வேணா எடுத்துக்கிறீங்களா, ஒங்க வெயிட்டத் தாங்குமான்னுதான் தெரியல" என்றார்.

ஏஜெண்ட் முறைத்தாலும் எழுந்துவிட்டார். சைக்கிளை நோக்கி நடந்தார். அப்போது மாமாவின் இடது கை டேங்குக்கு அடியில் போவதைப் பார்த்தேன். ஓர் உதை. பட், பட், பட் என்று வண்டி உயிர் பிடித்தது. ஏஜெண்ட் ஓடி வந்தார். அவர் வந்து சேருவதற்குள் அந்தக் கை மறுபடியும் உள்ளே போனது, வண்டி அணைந்தது.

"கிட்ட வந்துட்டுதுங்க. இன்னும் சித்த நேரம், ஒக்காருங்க," என்றார் மாமா.

இப்படியே ஏஜெண்ட் சைக்கிள் பக்கம் போகும்போதெல்லாம் வண்டி இருமியது. உட்கார்ந்தால் செத்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாமாவுக்கு எந்தப் பக்கம் தட்டினால் கரண்ட் வரும், எந்தப் பக்கம் தட்டினால் போகும் என்பதே குழம்பிவிட்டது என்றுதான் நினைத்தேன். பொறுக்க முடியாமல், "மாமா, டேங்குக்கு அடியில" என்று வாயைவிட்டேவிட்டேன்.

ஏஜெண்ட் திரும்பினார். "என்ன சொல்லுது கொழந்த?"

"பெட்ரோல் ஒழுகுதாங்க," என்றார் மாமா, தலையை நிமிர்த்தாமல். "நல்லவேள பாத்துச்சு. பாப்பா, வீட்டுக்கு ஓடி ஒரு பழந்துணி எடுத்தா."

அரை மைல் ஓடிப்போய்த் துணி கொண்டுவந்தேன். ஒழுக்கு ஒன்றும் இல்லை. மாமா அந்தத் துணியை வாங்கி மடித்துக் கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

உச்சி வெயிலில், தலையில் வைக்கோல் தூசியோடு எங்கள் தெருக்காரர் ஒருவர் டீக்கடைக்கு வந்தார். "ஒரு டீ போடுங்க. நெல்லுக் கட்டெல்லாம் களத்துக்கு ஏறிட்டுது," என்றார் பொதுவாக. அதற்கு அடுத்த உதையில் வண்டி கிளம்பியது, நிற்கவே இல்லை. ஏஜெண்டுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"கடசில கண்டுபுடிச்சிட்டியே. என்னப்பா கோளாறு?"

"ஒயரு ஒரு எடத்துல விட்டிருந்துதுங்க."

ஏஜெண்ட் லாரியோடும் போலீசோடும் வந்தபோது வயலில் தாள்தான் நின்றது. களத்தில் கர்ணம், ஊர்ப் பெரியவர்கள், தனியே அளந்து வைத்த மிராசுதார் பங்கு. அப்பா பேர் பதிவாயிற்று. அன்றைக்கு மாமா சாப்பிட வந்தபோது அம்மா கிணற்றடிக்குக் கூட்டிப்போய், தானே சீயக்காய்த் தூளைப் போட்டு அவர் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டாள். ஒரு வண்டியைக் கிளப்ப அரைநாள் எடுத்துக்கொண்டவருக்கு இவ்வளவு உபசாரமா என்றிருந்தது எனக்கு.

மெட்ராசிலிருந்து வந்த மிராசுதார் தனியாகத்தான் கொட்டகைக்கு வந்தார்.

"அன்னிக்கு சுவிட்ச தட்டிவிட்டா ஆயிருக்குமில்ல?"

"ஆயிருக்குங்க. ஏஜெண்டு அய்யாவுக்குத் தெரியக் கூடாதுன்னீங்களே. அவரு கண்ணெதிர்ல நான் எப்படிங்க தட்டுறது?"

மிராசுதார் வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். ஒருவர் இவ்வளவு நிலம்தான் வைத்துக்கொள்ளலாம் என்கிற உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து அவர் நிலத்தில் பாதியை அந்த ஏஜெண்ட் பேரில்தான் எழுதி வைத்திருந்தார். சுவிட்ச் விஷயத்தைக் கிளறினால், உன்னை நம்பவில்லை என்று அவனிடமே சொன்ன மாதிரி ஆகிவிடும். அதனால் அவர் சுவிட்சைப் பற்றி மூச்சுவிடவில்லை. அந்தக் கொட்டகைக்காரனுக்கு வேலை தெரியாது, அரைநாள் நோண்டினான் என்று மட்டும் போகிற இடமெல்லாம் சொன்னார். ஏஜெண்டும் ஆமாம் என்றார், டீக்கடையும் சிரித்தது. மாமா மறுக்கவில்லை. வேண்டுமென்றே செய்தார் என்று வெளியே வந்தால் அப்பாமேல் கேஸ் போடுவார்கள். கொஞ்சம் கொஞ்சமாக மோட்டார் சைக்கிள்கள் வருவது நின்றது. பங்குனி பிறப்பதற்குள் கொட்டகையைப் பிரித்துவிட்டு, தஞ்சாவூரில் ஒரு லாரி பட்டறைக்குக் கூலி வேலைக்குக் கிளம்பினார்.

பஸ் வருகிற வரை அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே நின்றாள். எனக்கோ, போகிற இடத்திலாவது மாமா நல்ல பேர் எடுக்க வேண்டுமே என்று கவலை. அவர் படியில் கால் வைத்ததும் சட்டையைப் பிடித்து இழுத்து, "மாமா, மேல தட்டினா கரண்டு வரும், கீழ தட்டினா போயிடும். அங்க போயி மறந்துடாதீங்க" என்றேன்.

மாமா சிரிக்கவில்லை. "சரி பாப்பா. மேல தட்டினா வரும்," என்று திருப்பிச் சொல்லிவிட்டு ஏறினார்.

மேலேயா கீழேயா என்பதில் எனக்கே இப்போது சந்தேகம் வந்துவிட்டது. குத்தகைப் பதிவு முன்னா, உச்சவரம்பு முன்னா என்பதும் சரியாக நினைவில்லை. தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திக் கொடுங்கள்.