சுழல்காற்று வந்த நாளில் குஞ்சம்மா

மலாயாவில், செலண்டார் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் குஞ்சம்மாவுக்கு ஆயாக் கொட்டகை வேலை. பால் வெட்டப் போகும் பெண்கள் விடியும் முன்பே பிள்ளைகளைக் கொண்டுவந்து அவளிடம் விட்டுப் போவார்கள். நாற்பத்தைந்து வயது, ஒற்றை ஆள். குரல் மட்டும் தோட்டத்து மணியைவிடப் பெரியது.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டாம் வருடம். வெள்ளைக்கார ஆட்சியை எதிர்த்த கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்த காலம். தொழிலாளர்களின் லயத்து வீடுகளையெல்லாம் ஒரே இடத்தில் நெருக்கிவைத்து, சுற்றிலும் இரட்டை முள்கம்பி போட்டிருந்தார்கள். வேலைக்காரர்கள் வெளியே போனதும் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். அனுமதி இல்லாமல் வேலியைத் தாண்டுபவரைச் சுடலாம் என்று உத்தரவு. அந்த வாரம் பக்கத்துத் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி ஒருவரை யாரோ சுட்டுவிட்டதால் காவல் இன்னும் இறுகியிருந்தது.

ஆயாக் கொட்டகையை ஒட்டிய பின்கேட்டில் காவல் நின்றவன் பெரியதம்பி. பஸ் கண்டக்டராக இருந்து, சம்பளத்துக்காகக் காக்கிச் சட்டை போட்டவன். மரக்கோபுரத்தின் மேல் துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பான். சாவி அவன் இடுப்பில் தொங்கும்.

அன்று காலையிலிருந்தே புழுக்கம். ஓர் இலை அசையவில்லை. தொட்டில் குழந்தைகள் வேர்த்துக் கொட்டி அழுதன. மதியம் ஒரு மணி வாக்கில் லேடாங் மலைப் பக்கமிருந்து கருமேகம் ஏறி வந்தது. குளிர்ந்த காற்று ஒன்று குபீரென்று அடித்தது. சற்று நேரத்தில் கடல் பக்கமிருந்து வெக்கையான காற்று எதிரே வந்து முட்டியது. குஞ்சம்மா வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள். மேகத்தின் அடிவயிறு பாசி பிடித்த குளம்போல் பச்சையோடியிருந்தது. அது மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது.

இதே சுழற்சியை அவள் பார்த்திருக்கிறாள். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் புருஷன் மாயாண்டியோடு தங்கா பத்துவில் கடலோரமாகக் குடியிருந்தபோது, இப்படித்தான் எதிரெதிர்க் காற்றுகள் மோதி மேகம் உருண்டது. அதிலிருந்து ஒரு வால் இறங்கிக் கடல் தண்ணீரை உறிஞ்சியபடி கரையேறியது. பூத்திங் பெலியோங், சுழல்காற்று என்று கத்திக்கொண்டே பக்கத்து வீட்டு மலாய்க்காரி குஞ்சம்மாவை இழுத்துப்போய் லோங்காங் என்ற வடிகாலுக்குள் தள்ளிக் குப்புறப் படுக்கவைத்தாள். மாயாண்டி வீட்டுக்குள் கதவைச் சாத்தி முதுகைக் கொடுத்து நின்றான். கூரை பிய்ந்து, தகரம் அவன் கழுத்தில் பாய்ந்தது.

இந்தக் கொட்டகைக்கும் பலகைச் சுவர், தகரக் கூரை. உள்ளே பதினொரு பிள்ளைகள். வேலிக்குள் பதுங்க ஒரு பள்ளம்கூடக் கிடையாது. வெளியே, சுடுவதற்கு வாகாக மரங்களை வெட்டித் தள்ளியிருந்த வெட்டவெளியில், இடுப்பளவு ஆழத்தில் ஒரு வடிகால் ஓடியது. கேட்டிலிருந்து முப்பது எட்டு வைத்தால் போதும்.

"தம்பி! எறங்கி வாங்க! கேட்டைத் தெறங்க!"

"என்னக்கா வெளையாடுறீங்களா? மழைதான் லா வருது. உள்ள போங்க."

"மழை இல்ல தம்பி. பின்னாடி திரும்பிப் பாருங்க!"

பெரியதம்பி திரும்பினான். ரப்பர்க் காட்டுக்கு மேலே யானைத் துதிக்கைபோல் ஒன்று தொங்கி ஆடியது. அதன் நுனி இன்னும் தரையைத் தொடவில்லை. ஆனால் அதற்குக் கீழே இலைகளும் கொப்புகளும் வட்டமடித்து மேலேறிக்கொண்டிருந்தன.

"தெறந்தா என் வேலை போயிரும்க்கா. ஜெயில்ல போட்டுருவாங்க."

"சுடணும்னா என்னையச் சுடுங்க. பிள்ளைங்களை லோங்காங்குல படுக்க வச்சிட்டு வந்து நிக்கிறேன்."

அப்போது ரயில் வருவதுபோல் ஓர் இரைச்சல் கேட்டது. ரயில் பாதை அந்தப் பக்கமே கிடையாது. அவன் ஏணியில் பாதி இறங்கிக் குதித்தான். சாவி இரண்டு முறை நழுவியது. மூன்றாவது முறை பூட்டுத் திறந்தது.

குஞ்சம்மா இரண்டு கைக்குழந்தைகளையும் சேலையில் சுருட்டி மார்போடு கட்டிக்கொண்டாள். மற்றப் பிள்ளைகளை வடிகாலை நோக்கி விரட்டினாள். பெரியதம்பி துப்பாக்கியை எறிந்துவிட்டு இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்றாகத் தூக்கி ஓடினான்.

"குப்புறப் படுங்க! ரெண்டு கையும் தலைமேல! எவனாச்சும் எந்திரிச்சீங்க, தோலை உரிச்சிருவேன்!"

மார்பில் இருந்தவை நசுங்காமல் முழங்கையை ஊன்றி, பிள்ளைகளின் மேல் அவளும் கவிழ்ந்துகொண்டாள். காது அடைத்தது. மண்ணும் கல்லும் முதுகில் சாட்டையடியாய் விழுந்தன. மரங்கள் முறியும் சத்தம் வெடிபோல வரிசையாக நெருங்கியது. தலைக்கு மேல் தகரம் கிரீச்சிட்டுப் பறந்தது. எல்லாம் ஒரு வெற்றிலை போடும் நேரம்கூட இருக்காது.

காற்று போனதும் மழை கொட்டியது. வடிகாலில் தண்ணீர் சரசரவென்று ஏறி அவள் முழங்கையைத் தொட்டது. காப்பாற்றிய பள்ளமே பிள்ளைகளை விழுங்கப் பார்த்தது.

"தம்பி, தண்ணி! தூக்குங்க, தூக்குங்க!"

ஒவ்வொன்றாக மேலே ஏற்றினார்கள். அவள் எண்ணினாள். ஒன்பது. மறுபடியும் எண்ணினாள். ஒன்பதுதான். பிறகுதான் மார்போடு கட்டியிருந்த இரண்டும் ஒருசேர வீறிட்டு அழுதன. அவள் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

கொட்டகை இருந்த இடத்தில் சிமெண்டுத் தரையும் ஒரு தொட்டில் கம்பமும் மட்டும் இருந்தன. கோபுரம் சாய்ந்து கிடந்தது. முள்கம்பி நூறு அடிக்குப் பிய்ந்து, ரப்பர் மரங்களில் நூல்கண்டாய்ச் சுற்றியிருந்தது. காட்டுக்குள் ஒரு லாரி அகலத்துக்கு மரமெல்லாம் முறிந்து பாதை விழுந்திருந்தது. இருபுறத்து மரங்களில் பால் ஏந்தும் கிண்ணங்கள்கூடக் கலையவில்லை. பால் நிறுக்கும் கல் கட்டடத்தில் ஒதுங்கியிருந்த தாய்மார்கள் அலறிக்கொண்டு ஓடி வந்தார்கள். கைக்குழந்தை ஒன்றின் தாய் ஜெயமணி பிள்ளையை வாங்கிக்கொண்டு குஞ்சம்மாவின் காலருகே அமர்ந்தாள்.

மறுநாள் வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி ஒருவர் விசாரணைக்கு வந்தார். உத்தரவில்லாமல் கேட்டைத் திறந்ததும், துப்பாக்கியைக் கைவிட்டதும் பெரியதம்பி மேல் குற்றம். குஞ்சம்மா கூப்பிடாமலே ஆபீசுக்குள் நுழைந்தாள்.

"தெறக்கச் சொன்னது நான்தாங்கய்யா. அவரு மாட்டேன்னுதான் சொன்னாரு. அவரு தெறக்காம இருந்திருந்தா இன்னிக்கு நீங்க பதினொரு சவத்தை எண்ணியிருப்பீங்க. வந்து எடத்தைப் பாருங்கய்யா."

அந்தத் தோட்டத்துக் கிராணி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அதிகாரி வந்து பார்த்தார். சிமெண்டுத் தரையின் நடுவே தொட்டில் கம்பம் நின்றிருந்தது. அதைப் பாதி பிளந்துகொண்டு ஒரு கூரைத் தகரம் செருகியிருந்தது. அவர் அதை அசைத்துப் பார்த்தார், வரவில்லை. நோட்டுப் புத்தகத்தை மூடினார். பெரியதம்பியின் வேலை போகவில்லை. பாயா ரும்புட் பக்கம் மாற்றினார்கள். போகும்போது அவன் குஞ்சம்மாவிடம், "ஒங்க குரலுக்குத்தான்க்கா பயந்து தெறந்தேன்" என்றான்.

புதுக் கொட்டகை கட்டும்போது, வேலிக்கு உள்ளேயே ஒரு பள்ளமும், தண்ணீர் வெளியேற வாய்க்காலும் வெட்டினால்தான் வேலைக்கு வருவேன் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். தோட்டத்துத் துரை வெட்டிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை தோறும் பிள்ளைகளை அதில் இறக்கிக் கையைத் தலைமேல் வைத்துப் படுக்கப் பழக்கினாள். அவர்களுக்கு அது விளையாட்டு.

அவளுக்கு அப்படி இல்லை. இலை அசையாத மத்தியானங்களில் அவளுக்குச் சோறு இறங்காது. பிள்ளைகள் தூங்கும்போது வாசற்காலைப் பிடித்துக்கொண்டு, மேகத்தின் அடியையே பார்த்தபடி நிற்பாள்.