கருநீலம் போதாது

கறுப்புப் புடவை ஒன்று வீட்டுக்குள் வந்தால், அதை உடுத்தப்போகிறவள் அதிக நாள் இருக்கமாட்டாள் என்று எட்டு வயதில் நான் உறுதியாக நம்பினேன். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, நானே மூளையைக் கசக்கிக் கண்டுபிடித்தது. இன்றைக்கும் என் கண்டுபிடிப்புகள் ஏறக்குறைய இந்தத் தரத்தில்தான் இருக்கின்றன என்று வீட்டில் அபிப்பிராயம்.

திருவனந்தபுரம் அப்போது வெள்ளை ஊர். ஆணுக்கும் பெண்ணுக்கும் வெள்ளை முண்டு, சுவருக்கெல்லாம் சுண்ணாம்பு, மழை ஓய்ந்த காலையில் கிழக்கு மலைமேல் படுத்துக்கிடக்கும் மேகம். பாலில் நனைத்துக் காயப்போட்ட மாதிரி இருக்கும். வலியசாலையில் எங்கள் தெருவுக்குள் நுழைந்தால்தான் நிறங்கள் ஆரம்பம். ஒவ்வொரு வீட்டுக் கொல்லைக் கொடியிலும் அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, கத்தரிப்பூ. மத்தியானங்களில் அந்தப் புடவைகளுக்கு நடுவே புகுந்து நடப்பேன். மஞ்சளுக்குள் போனால் என் கை மஞ்சள், பச்சைக்குள் போனால் பச்சை. எந்தப் பக்கம் நம் வீடு என்பதே மறந்துபோகும். யாராவது கூப்பிட்டால் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோலக் கேட்கும்.

அந்தக் கொடிகளில் ஒருநாளும் கறுப்பு தொங்கியதில்லை. தீபாவளித் துணியில் ஓரமாக ஒரு கறுப்புக் கோடு இருந்தாலும் அம்மா தள்ளி வைத்துவிடுவாள். குடை கறுப்பாக இருக்கலாம், சிலேட்டு இருக்கலாம், வக்கீலான அப்பாவின் கோட்டு இருக்கலாம். கோட்டுக்கு என்னிடம் ஒரு விளக்கம் இருந்தது: வழக்கில் தோற்கப்போகிறவனுக்காக முன்கூட்டியே அனுஷ்டிக்கிற துக்கம். அப்பாவின் கட்சிக்காரர்கள் கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பார்கள்.

அந்த மழைக்காலத்தில் அக்கா புக்ககத்திலிருந்து வந்திருந்தாள். வந்த நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. சாப்பிட்டதும் தங்கவில்லை. கேட்டதற்கு அம்மா, மசக்கை என்றாள். காலராவுக்கு அது ஒன்றுவிட்ட தங்கை என்று நான் எடுத்துக்கொண்டேன். அக்கா வயிற்றில் குழந்தை இருக்கிறது என்று எட்டு வயதுப் பையனிடம் சொல்கிற காலம் இல்லை அது.

அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் சாயங்காலம் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. ஆரியசாலையில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை. நிறங்களைப் பற்றித் தனக்குத் தெரியாதது உலகத்தில் இல்லை என்று நினைப்பவர். யாருக்கு எந்தக் கரை எடுப்பாக இருக்கும், எது இருக்காது என்று வழியில் போகிறவர்களுக்கும் தீர்ப்புச் சொல்வார். கையில் இரண்டு புடவைகள். அம்மாவும் அவரும் அடுக்களையில் தாழ்ந்த குரலில் பேச, நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"கருநீலம் போருமே அக்கா. விளக்கு வெளிச்சத்துல கறுப்பு மாதிரிதான் தெரியும். இப்போ எல்லாரும் இதுதானாக்கும் எடுக்கறா. கண்ணுக்கும் நன்னா இருக்கு."

"விளக்கு வெளிச்சத்துக்கு நான் புடவை எடுக்கலை. கறுப்புன்னா கறுப்பு. அதைப் பிரி."

மாமா இன்னொன்றைப் பிரித்தார். மையைக் கொட்டினாற்போல் கறுப்பு, விரல் அகலத்துக்குச் சிவப்புக் கரை. அம்மா அதை ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்து, நீலமோ பழுப்போ எங்காவது எட்டிப் பார்க்கிறதா என்று அங்குலம் அங்குலமாகத் தேடினாள். பிறகு மடித்தாள்.

"நாள் பார்த்துக் குடுக்கறவரைக்கும் அவளாண்ட மூச்சு விடாதே" என்றாள்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அக்காவுக்கு வியாதி முற்றிவிட்டது. நாள்கூடப் பார்க்கப்போகிறார்கள். மாமாவாவது கருநீலம் என்று கொஞ்சம் இரக்கம் காட்டினார், பெற்ற தாய் கறுப்புக்குக் குறைந்து சம்மதிக்கவில்லை.

அக்கா கூடத்துச் சிமெண்டுத் தரையில், மழைச்சாரல் படுகிற இடமாகப் பார்த்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். நேராகக் கேட்கத் தைரியமில்லை. அதனால் அவளுக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று சுற்றிவளைத்துக் கேட்டேன்.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. "இப்போ எதைப் பார்த்தாலும் குமட்டறதுடா. கண்ணை மூடிண்டா ஒரு கறுப்பு வரது பாரு, அது ஒண்ணுதான் சொகம்."

அக்கா போகவே தயாராகிவிட்டாள்.

மறுநாள் எல்லோரும் அசந்திருந்த மத்தியானத்தில் அலமாரியிலிருந்து புடவையை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். துவைத்துத் துவைத்து என் காக்கி நிஜார் வெளுத்துப்போனதைப் பார்த்தவன் நான். இதையும் வெளுத்துவிட்டால் ஆபத்து நீங்கிவிடும். பழுப்பு வரை கொண்டுவந்தாலும் அக்காவுக்குக் கொஞ்சம் ஆயுசு கிடைக்கும்.

தொட்டியில் முக்கிச் சோப்பைத் தேய்த்தேன். கறுப்பு புகைபோல எழுந்து தண்ணீரில் சுருண்டது. ஊற்றினேன், மறுபடி நிரப்பினேன். மறுபடி கறுப்பு. வாழைமரத்தடியில் ஒரு சின்னக் கறுப்பு ஆறு ஓடியது. அதில் வானமும் வாழையிலையும் தலைகீழாக மிதந்தன. ஒரு நிமிஷம் எதற்கு வந்தேன் என்பதையே மறந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆற்றில் போன அத்தனை கறுப்புக்குப் பிறகும் புடவையில் ஒரு பொட்டுக் கறுப்புக் குறையவில்லை. என் இரண்டு கைகளும்தான் முழங்கைவரை கறுத்திருந்தன. சரி, இனி நானும் அக்காவோடு போகவேண்டியதுதான்.

பின்னால் அம்மா நின்றாள். என்னைக் கேட்பதற்கு முன் புடவையைத்தான் பிடுங்கினாள். பிழிந்து, உதறி, வெளிச்சத்தில் பிடித்து ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தாள். அதற்குப் பிறகுதான் மூச்சுவிட்டாள்.

"எதுக்குடா இது?"

"அக்கா செத்துப்போகப்படாதும்மா" என்றேன்.

ஈரக்கையால் என் வாயைப் பொத்தினாள். அடிக்கவில்லை. "அந்த வார்த்தை இந்த ஆத்துல வரப்படாது, கேட்டியா" என்றாள். பொத்திய கையை வெகுநேரம் எடுக்கவில்லை. என் சத்தத்தில் அக்கா விழித்துவிடுவாள் என்பதற்காக என்று நினைத்தேன்.

நாள் வந்தது. முதல் பிள்ளை உண்டான பெண்ணுக்குக் கறுப்புப் புடவை உடுத்தி வளையல் அடுக்குவது எங்கள் வழக்கம். கண் பட்டால் கறுப்பில் பட்டு அங்கேயே போகட்டும் என்று. அக்கா கூடத்தில் உட்கார்ந்தாள். வெள்ளைச் சுவருக்கு முன்னால் அந்தக் கறுப்பு. அதன்மேல் மஞ்சள் பூசிய முகம், பச்சையும் சிவப்புமாகக் கைநிறையக் கண்ணாடி வளையல், பின்னல் முழுக்கப் பிச்சிப்பூ. கொடிப் புடவைகளின் அத்தனை நிறங்களும் ஒரே ஆளிடம் வந்து சேர்ந்து, இப்போதுதான் பிறந்தவை போலப் பளபளத்தன. மாமாவே, கருநீலம் இவ்வளவு எடுப்பாக இருந்திருக்காது என்று ஒப்புக்கொண்டார். நான் கறுத்த கைகளை முதுகுக்குப் பின் கட்டிக்கொண்டு, அக்கா எந்த நிமிஷம் சாய்வாள், ஓடிப்போய்ப் பிடிக்கலாம் என்று கண்கொட்டாமல் நின்றேன். அவள் சாயவில்லை. புளியோதரையை மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அம்மா மட்டும் அன்று முழுதும் அவளை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. அடுக்களையிலேயே இருந்தாள்.

எனக்கு மீசை முளைத்த பிறகு மாமா சொன்னார், அவருக்கே பின்னால்தான் தெரியவந்ததாம். அம்மாவின் முதல் பிரசவத்துக்குக் கறுப்பு எடுத்துக் கொடுக்க அவளுக்குத் தாய் இல்லை. யாரோ கையில் கிடைத்த நீலத்தை உடுத்தி, போதும் என்றார்களாம். அந்தக் குழந்தை தங்கவில்லை.

துலா மாதத்து, நம் ஐப்பசியின் அடைமழையில் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது.