வெயில் விற்கிற தெருவில் ஓர் ஆமாம்

எங்கள் கிளினிக்குக்குப் பக்கத்துக் கடையில் வெயில் விற்கிறார்கள். கேலி இல்லை, நிஜமாகத்தான். கண்ணாடிக் கதவில் ஒரு பனைமரப் படம். உள்ளே ஆள் நீளத்துக்கு மூடி போட்ட பெட்டிகள். துணியைக் கழற்றிவிட்டு அதற்குள் படுத்து மூடியை இழுத்துக்கொண்டால் ஊதா விளக்குகள் எரியும். கொஞ்ச நாள் தொடர்ந்து போனால் வெள்ளைத் தோல் மாநிறமாகிவிடும். கடைக்குப் பெயர் டேனிங் சலூன், பெட்டிக்குப் பெயர் சன்பெட். வடக்கு இங்கிலாந்தில் இருக்கிற இந்த ஊரில் சூரியன் தலைகாட்டுவதே அபூர்வம் என்பதால் கடையில் எப்போதும் கூட்டம். வந்த புதிதில் டீ குடிக்கிற நேரமெல்லாம் நான் ஜன்னலோரம்தான் நிற்பேன். இந்த வாரம் யார் எந்த நிறத்தில் வெளியே வருகிறார்கள் என்று பார்க்காவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

கீழ்வேளூரில் இருக்கிற அம்மாவிடம் போனில் இதைச் சொன்னேன். "கறுக்கறதுக்குப் பொட்டிக்குள்ள போய்ப் படுக்கிறாங்களா? அடியம்மாடி! இங்க வரச் சொல்லுடி மல்லிகா. ரெண்டு நாள் களை பறிச்சாப் போதும், ஏழு ஜென்மத்துக்குப் போகாது" என்றாள். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கும்தான். ஆனால் போனை வைத்த பிறகு, சின்ன வயதில் கண்ணாடி முன்னால் நின்று முகத்தில் பவுடரை அப்பிக்கொண்டு அழுதது ஞாபகம் வந்தது. நான் கறுப்பு. அதற்காகப் பள்ளிக்கூடத்தில் வாங்கிய பேச்சு கொஞ்சநஞ்சமில்லை.

நான் நர்ஸ். ஆஸ்பத்திரியில் பல வருஷம் உழைத்துவிட்டு, முட்டி வலி தாங்காமல் இந்த அழகுச் சிகிச்சை கிளினிக்குக்கு வந்தேன். முதலாளி டாக்டர் ஹெலன் முகத்தில் ஊசி போடுவார். நெற்றிச் சுருக்கத்துக்கு ஒன்று, ஒட்டிய கன்னத்தை உப்ப வைக்க ஒன்று. ஊசிக்கு அப்புறம் எப்படி இருக்கவேண்டும் என்று சொல்லி அனுப்புவது என் வேலை. நாலு மணி நேரம் படுக்காதீர்கள், குனியாதீர்கள், முகத்தைத் தேய்க்காதீர்கள். வீக்கம் வடிகிறவரை வெயில் வேண்டாம், சன்பெட் வேண்டாம், வெந்நீர்த் தொட்டி வேண்டாம். வெளியே போனால் சன் க்ரீம் பூசுங்கள். குனியாதீர்கள் என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு வாயோரம் ஒரு சிரிப்பு வந்துவிடும். என் அம்மாவிடம் யாராவது நாலு மணி நேரம் குனியாதே என்று சொல்லியிருந்தால், நடவுக்கு அவள் யாரை அனுப்பியிருப்பாள்?

லின் எங்களுக்குப் பழைய வாடிக்கையாளர். ஐம்பத்தைந்து வயசிருக்கும், என்னைப் போலத்தான். மகளுக்குப் பத்து நாளில் கல்யாணம் என்று கன்னத்துக்கு ஊசி போட்டுக்கொள்ள வந்தாள். நான் குனியாதீர்கள் வரைக்கும் வந்திருந்தேன். அவளுக்கோ தையல்காரி காத்திருக்கிறாள் என்ற அவசரம். கோட்டை மாட்டிக்கொண்டே, நான் கொடுத்த அட்டையைப் படிக்காமல் கைப்பையில் போட்டபடி, "கான்ட் ஐ கோ ஆன் த சன்பெட் டுடே?" என்று கேட்டாள். இன்றைக்கு நான் சன்பெட்டுக்குப் போகக்கூடாதா என்று அர்த்தம். நான் தலையை நன்றாக ஆட்டி, "யெஸ்" என்றேன்.

தமிழில் யோசித்துப் பாருங்கள். போகக்கூடாதா என்று கேட்டால் என்ன சொல்வோம்? ஆமாம் என்போம். ஆமாம், போகக்கூடாது. இங்கிலீஷ்காரர்களுக்கு அது அப்படியே தலைகீழ். அவர்கள் காதில் யெஸ் என்றால் போகலாம்தான். இருபது வருஷமாக இந்த ஊர்த் தண்ணியைக் குடிக்கிறேன், ஆனால் அவசரத்தில் என் நாக்கு கீழ்வேளூருக்கு ஓடிப்போய்விடுகிறது. லின் சந்தோஷமாக நன்றி சொல்லிவிட்டு நேரே பக்கத்துக் கடைக்குப் போய்ப் படுத்துவிட்டாள்.

மறுநாள் காலை அவள் கிளினிக்கில் வந்து நின்றாள். இரண்டு கன்னமும் வீங்கி, ஊசி பட்ட இடமெல்லாம் கன்றிச் சிவந்து, ஒரு கண் பாதி மூடியிருந்தது. ஹெலன் எங்கள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார். லின் புகார் எழுதிக் கொடுத்தால் அது நர்சுகளின் பதிவேடு வரைக்கும் போகும். அதில் என் பெயர் இருந்தால்தான் இந்த நாட்டில் நான் நர்ஸ். பெயரை எடுத்துவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஹெலன் என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "போகக்கூடாது என்று நீ இவரிடம் சொல்லவில்லையா?"

மறுபடியும் அதே மாதிரிக் கேள்வி. ஆமாம் என்றால் ஒரு அர்த்தம், இல்லை என்றால் இன்னொரு அர்த்தம். எது எந்த ஊர் அர்த்தம் என்று எனக்குக் குழம்பிவிட்டது. எனக்கு அப்போது எங்கள் ஊர்ச் சாவடி ஞாபகத்துக்கு வந்தது.

அப்போது எனக்கு எட்டு வயசு. புதுக் கட்சி ஆட்சிக்கு வந்து, குத்தகைக்குப் பயிர் வைக்கிறவர்கள் பெயரைப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லிச் சட்டம் போட்டிருந்தார்கள். ஒரு தெருவில் ஆளுங்கட்சிக் கொடி, அடுத்த தெருவில் செங்கொடி. கூலி நெல்லை உயர்த்திக் கேட்டதற்காக மனிதர்கள் அடிபட்டு, குடிசைகள் எரிந்த காலம் அது. பெரியவர்கள் அதைக் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். சாவடியில் விசாரணைக்கு வந்த ஆபீசர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பண்ணையின் காரியக்காரர், அதாவது மிராசுதாருக்காக நிலத்தைப் பார்த்துக்கொள்கிறவர், கைகட்டாமல் நின்றார். அப்பா கைகட்டி நின்றார். காரியக்காரர்தான் முந்திக்கொண்டு கேட்டார்: "நீ கூலிக்குத்தானே வேலை செய்யிறே? குத்தகைன்னு ஒண்ணும் இல்லியே?"

அப்பா தலையைக் குனிந்து, "ஆமாங்க" என்றார்.

ஆபீசர் பேனாவை எடுத்துவிட்டார். நடவிலிருந்து நேரே வந்திருந்த அம்மா, முழங்கால் வரைக்கும் சேறோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். "எழுதாதீங்க ஐயா. அவரு பயந்துக்கிட்டுச் சொல்றாரு. மூணு மா நிலம், ஆறு வருஷமா நாங்கதாங்க குத்தகைக்குப் பயிர் வைக்கிறோம்." ஆபீசர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அப்படியா? போன சம்பாவுக்கு என்ன மேனி, சொல்லு பார்ப்போம்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மேனி என்றால் உடம்பு, நிறம் என்றுதான் அப்போது எனக்குத் தெரியும். இத்தனை பேர் முன்னால் என் அம்மாவின் நிறத்தைக் கேட்கிறாரே, வெயிலில் வெந்து கறுத்த அவள் என்ன சொல்வாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் ஒரு மா நிலம் எவ்வளவு நெல் கண்டது என்பதற்கும் அதே சொல்தான் என்று பிறகுதான் தெரிந்தது. அம்மா மூச்சு விடாமல் சொன்னாள்: "மாவுக்குப் பத்துக் கலங்க. முந்தின வருஷம் வெள்ளத்துல நாலுதான் கண்டுச்சு. வாய்க்கா ஓரத்து மாவுல மட்டும் ஆறு." ஆபீசர் காரியக்காரர் பக்கம் திரும்பி அதையே கேட்டார். அவர் எட்டு என்றார், உடனே பன்னிரண்டு என்றார். அப்பா பெயர் பதிவேட்டில் ஏறியது.

திரும்பி வரும்போது வரப்பில் அம்மா அப்பாவை வாங்கு வாங்கென்று வாங்கினாள். "ஆமாங்க ஆமாங்கன்னே பழகிப்போச்சு உங்களுக்கு. கொஞ்சம் விட்டிருந்தா சோத்துல மண்ணு. இனிமே எவன் என்ன கேட்டாலும் முழுசாச் சொல்லுங்க." அப்பா அதற்கும் ஆமாம் என்றுதான் சொன்னார்.

ஹெலன் காத்துக்கொண்டிருந்தார். லின்னின் கைப்பைக்குள் அந்த அட்டை இருந்தது. அதில் எல்லாம் அச்சில் இருக்கிறது, படிக்காதது அவள் தப்பு என்று நான் சொல்லியிருக்கலாம். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் முழுசாச் சொல்ல வேண்டுமே. "லின் என்னிடம் கேட்டார். நான் யெஸ் என்று சொன்னேன். எங்கள் பாஷையில் அதற்குப் போகக்கூடாது என்று அர்த்தம். உங்கள் பாஷையில் போகலாம் என்று அர்த்தம். தப்பு என்னுடையது" என்றேன்.

லின் அந்தப் பாதிக் கண்ணால் என்னைப் பார்த்தாள். "உங்க யெஸ் எங்க நோவா?" என்றாள். சில நேரம் என்றேன். அவள் சிரிக்கப் போய், வலியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதே" என்று திட்டினாள். புகார் எழுதவில்லை.

அதன் பிறகு தினமும் மதியம் வந்தாள். ஈரத்துணியில் பனிக்கட்டி சுற்றி அழுத்தாமல் ஒற்றி எடுப்பேன். மேக்கப் வேண்டாம், வாசனை இல்லாத க்ரீம் மட்டும், வெளியே தொப்பி. ஐந்தாம் நாள் வீக்கம் பெரும்பாலும் வடிந்து கண் திறந்தது. அன்றைக்கு என் கையைத் தன் கைக்குப் பக்கத்தில் வைத்து, "இந்த நிறத்துக்குத்தான் நான் பெட்டியில் படுக்கிறேன்" என்றாள். ஆயுசில் முதல் தடவையாக ஒருத்தி என் நிறத்தைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாள். நான் அவளிடம் சாவடிக் கதையை, அம்மா 'முழுசாச் சொல்லுங்க' என்றது வரைக்கும், சொல்லி, மேனி என்ற சொல்லையும் கற்றுக்கொடுத்தேன், இரண்டு அர்த்தத்தோடும். அவள் வாயில் அது மானி என்றுதான் வந்தது.

கடைசி நாள் துணியை எடுத்தபோது லின் கேட்டாள்: "நீ ஊருக்குத் திரும்பிப் போய்விட மாட்டாயே?"

"யெஸ்" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது. லின் எழுந்து உட்கார்ந்து, விரலை ஆட்டி, "முழுசாச் சொல்லு" என்றாள். நான் வாயைத் திறந்தேன். கையில் பனிக்கட்டி உருகி மணிக்கட்டு வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. போவேனா மாட்டேனா, அது எந்த ஊர் யெஸ் என்று எனக்கே தெரியவில்லை.