பெயர் கிடைக்காத தரைச்சிலந்தி

எங்கள் தீவுக்கு எதிர்க்கரையில், பிறை என்ற ஊரில், ஒரு தொழிற்சாலையில் நுண்ணோக்கி வழியே மின்பலகைகளைச் சரிபார்ப்பது என் வேலை. கண் அதற்குப் பழகியிருந்ததால், சிலந்திகளை ஆராயும் ஒரு பெண்ணுக்குச் சனிக்கிழமைகளில் உதவப் போனேன். என்னைவிட இளையவர். நான் அவரை டாக்டர் என்பேன். அவர் என்னை அக்கா என்பார்.

ஒருமுறை கொடிமலை அடிவாரத்தில் மட்கிய மரப்பட்டை ஒன்றைப் புரட்டினேன். எலி நிறத்தில் ஒரு தரைச்சிலந்தி. வலை கட்டாமல் தரையில் ஓடி இரை பிடிக்கும் இனம். வெளிச்சம் பட்டால் ஓடிவிடும். இது ஓடவில்லை. வயிற்றுக்கடியில் சட்டைப் பொத்தான்போல வெள்ளையாக ஒரு முட்டைப்பை. பட்டையோடு டப்பாவில் எடுத்து வந்தேன்.

“இது பேரு என்ன டாக்டர்?”

“உயிரோட வெச்சு சொல்ல முடியாதுக்கா. ஸ்பிரிட்ல போட்டு வயித்துக்கு அடியில இருக்கிற இனப்பெருக்க உறுப்பைப் பார்க்கணும்லா.”

இவற்றை முதலில் வகைப்படுத்தியவர்களைப் பற்றி அவர் சொல்லியிருந்தார். பலர் இந்தத் தீவைப் பார்த்ததே இல்லை. கப்பலில் வந்த குப்பிகளைக் குளிர்நாட்டில் திறந்து, செத்த உடலை அளந்து, லத்தீனில் சில வரிகள் எழுதிப் பெயர் வைத்தார்கள். அவர்களின் பொறுமையை நினைத்து நான் வியந்ததுண்டு. அன்று வியக்க முடியவில்லை.

“முட்டை பொரியட்டும் டாக்டர். அதுவரைக்கும் வீட்டுல வெச்சிக்கிறேன்.”

“சரிக்கா. அப்புறம் எனக்குக் கண்டிப்பா வேணும்.”

ஜெலுத்தோங்கில் எங்கள் பிளாட்டின் சமையலறையில் டப்பாவை வைத்தேன். “எட்டுக்கால் பூச்சிய இங்கயா வைப்ப?” என்று கணவர் முறைத்தார். பிறகு அவரே கரையான் பிடித்து வந்து போட்டார். சிலந்தி அதைத் தொடவே இல்லை. பையை விட்டு நகரவில்லை.

ஒரு காலை டப்பா முழுக்கத் தூசி அசைவதுபோல் குஞ்சுகள். ஞாயிற்றுக்கிழமை நானும் கணவரும் போய் அவற்றை அடிவாரத்திலேயே விட்டோம்.

“தாயையும் விட்டுடேன்,” என்றார்.

“தர்றேன்னு சொல்லிட்டேங்க.”



அடுத்த சனிக்கிழமை டாக்டர் அதை ஸ்பிரிட்டில் போட்டார். கால்கள் மெல்ல மடங்கின. நுண்ணோக்கியில் நானும் பார்த்தேன். பழைய விவரிப்புகளில் நெருங்கி வந்தது ஒன்றுதான். அதுவும் சாம்பல் நிறச் சிலந்தி எதற்கும் பொருந்தும். படம் கிடையாது. அதற்கு ஆதாரமான உடல் அயல்நாட்டு அருங்காட்சியகத்தில் உடைந்து கிடக்கிறதாம்.

“அப்போ?”

“இப்போதைக்குப் பேரு இல்லக்கா. ஆண் ஒண்ணு கிடைச்சா பார்க்கலாம்.”

குப்பியில் ஒட்டும் சீட்டில் இடமும் தேதியும் எழுதினார். “பிடிச்சவங்கன்னு உங்க பேர போடறேன்.”

“வேணாமே.”

“போடாம மியூசியத்துல சேர்த்துக்க மாட்டாங்கக்கா.”

எழுதி ஒட்டினார். சிலந்தியின் பெயருக்கான இடம் காலியாக இருந்தது. கீழே என் பெயர்.

அதன் பிறகு சில வாரங்கள் நான் போகவில்லை. ஓவர்டைம் என்றேன். டாக்டர் நம்பியிருக்க மாட்டார்.