காத்தாடி ஏறும் முன் ஒரு சொம்பு நீத்தண்ணி

ஆடிக் காற்று கயத்தாறு பக்கம் அடிக்கிற அடி வேறெங்கும் அடிக்காது. மின்சாரம் எடுக்கிற காத்தாடியில் வேலை பார்க்கிற எங்களுக்கு அதுதான் சீசன். ஒரு மிஷின் நின்றுவிட்டால் கண்ட்ரோல் ரூமிலிருந்து போன் மேல் போன் வரும். அந்த மாதங்களில் தின்ற சோறு நெஞ்சுக்குக் கீழே இறங்காது.

கோபுரம் ஏறுகிறவர்களுக்குத் தினமும் காலையில் சேஃப்டி மேடம் ரத்த அழுத்தம் பார்ப்பார். "ராத்திரி தூங்குனீங்களா? மனசுல ஏதாவது பாரம் இருக்கா?" என்று கேட்பார். பஜனை பாடுகிற மாதிரி எல்லோரும் சேர்ந்து, "நல்லாருக்கோம் மேடம்" என்போம். அழுத்தம் கூடியிருந்தால் ஏற விடமாட்டார். அதற்கும் எங்கள் ஆட்கள் ஒரு வைத்தியம் வைத்திருந்தார்கள். ஜீப்புக்குப் பின்னால் டிரைவர் ஒரு சொம்பில் பழைய சோற்று நீத்தண்ணி வைத்திருப்பார். அதைக் குடித்துவிட்டு நிழலில் கொஞ்சம் மல்லாந்து கிடந்தால் போதும், அழுத்தம் இறங்கிவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள். ஊரை ஏய்க்கலாம், உடம்பை ஏய்க்க முடியுமா?

அன்று என் மச்சினன் இரண்டு தடவை ஜீப்புக்குப் பின்னால் போய்வந்தான். என் மனைவியின் தம்பி, என்னோடு ஜோடியாக ஏறுகிறவன். அடுத்த வாரம் ஆவணி பிறந்ததும் அவனுக்கு நிச்சயதார்த்தம்.

"என்னல மாப்ள, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்றேன்.

"ஒண்ணுமில்ல அத்தான். வாங்க, ஏறுவோம்."

மேடத்தின் கருவியும் அவனைச் சரியென்றது. ஏறினோம்.

கோபுரத்துக்கு உள்ளே ஏணி. அவன் மேலே, நான் கீழே. பாதிக்கு மேல் ஒரு இரும்புத் தட்டு வரும். அங்கே கால் வைப்பதற்கு முன்னால் இடுப்புக் கொக்கியை இன்னொரு கம்பிக்கு மாற்ற வேண்டும். தட்டுக்குச் சற்றுக் கீழே அவன் அப்படியே நின்றுவிட்டான். காற்றில் கோபுரமே முனகியது. அண்ணாந்து பார்த்தேன். கழற்றிய கொக்கி அவன் இடுப்பில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. எதிலும் மாட்டவில்லை.

"ஏலே, கொக்கிய மாட்டுல!"

"கைய எடுக்க முடியல அத்தான். எடுத்தா விழுந்துருவேன்."

பத்து வருஷமாக ஏறுகிறவன் பேசுகிற பேச்சா இது! என் சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. எடுத்திருந்தால் காது கூசப் பேசியிருப்பேன். அவன் முதுகை ஒட்டி ஏறினேன். அவன் கால்கள் வெடவெடவென்று ஆடியதில் ஏணியே ஆடியது. என் கொக்கியை இழுத்துப் பார்த்துக்கொண்டேன். ஒரு கையால் ஏணியைப் பிடித்து, மறு கையால் அவன் இடுப்பைத் துழாவினேன். முதல் தடவை கொக்கி வழுக்கியது. இரண்டாவது தடவை கம்பியில் 'டக்' என்று மாட்டிக்கொண்டது. அதற்கப்புறம்தான் மூச்சு விட்டேன். அவன் பாதத்தை ஒவ்வொரு படியிலும் நானே பிடித்து வைத்து, குழந்தையை இறக்குவது போல இறக்கினேன்.

கீழே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டான். "அத்தான், அக்காட்ட சொல்லிராதீய. பொண்ணு வீட்டுல தெரிஞ்சா அவ்வளவுதான். கால் சுளுக்கிட்டுன்னு சொல்லிருவோம்."

அதற்குள் மேடம் வந்துவிட்டார். "கால் சுளுக்கிட்டு மேடம்" என்று டிரைவர் முந்திக்கொண்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"சுளுக்குமில்ல, ஒரு மண்ணுமில்ல. பயம். அவனுக்கும் பயம், எனக்கும் பயம். கொஞ்சம் தப்பியிருந்தா இவன் அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

மேடம் திட்டவில்லை. என்னை உட்காரவைத்து கையில் பட்டையைச் சுற்றினார். வந்த நம்பரைப் பார்த்துவிட்டு மறுபடியும் சுற்றினார். டிரைவர் ஓடிப்போய்ச் சொம்பை எடுத்துவந்தார். "குடிங்க அண்ணாச்சி, சட்டுன்னு இறங்கிரும்."

வாங்கிக் கரிசல் மண்ணில் கவிழ்த்தேன்.

மச்சினன் தலைகுனிந்தபடி மேடத்திடம் சொன்னான். "காலைல கேட்டீங்கல்ல மேடம், தூங்குனீங்களான்னு. தூங்கல. ரொம்ப நாளாவே தூங்கல."