இடப்பக்கம் பார்க்கிற வேலை

எங்கள் கார் எண்ணெய் ஒழுகிக்கொண்டிருந்த வரைக்கும் அப்பா நிம்மதியாக இருந்தார். இதை இன்றைக்குத்தான் இப்படிச் சொல்ல முடிகிறது. அப்போது எனக்குப் பத்து வயது. கார் ஒழுகினால் அப்பாவுக்குக் கவலையாக இருக்கும் என்றுதான் நானும் எல்லாரையும் போல நினைத்துக்கொண்டிருந்தேன்.

உவர்மலையில் எங்கள் வீடு. உள்துறைமுக வீதியிலிருந்த ஒரு கந்தோரில் அப்பாவுக்கு உத்தியோகம், களஞ்சியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காரில் போக ஏழு நிமிடம். காலையில் இறக்கத்தில் போகும், பின்னேரம் ஏற்றத்தில் வரும். அந்த வெள்ளைக் கார் கண்ட உலகம் அவ்வளவுதான்.

கந்தளாயில் பெரியம்மா இருந்தார், அம்மாவின் ஒரே அக்கா. விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, சத்திரசிகிச்சை செய்து, பார்க்க ஆளில்லாமல் படுக்கையில் கிடந்தார். அவரை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துப் பார்க்கவேண்டும் என்பதே அம்மாவின் ஓயாத பேச்சு. பஸ்ஸில் அவரை இருத்திக் கொண்டுவர முடியாது. "எண்ணெய் ஒழுகுது, வழியில நிண்டா என்ன செய்யிறது?" என்பார் அப்பா. சண்டை முடிந்து சோதனைச் சாவடிகள் எடுபட்டுவிட்டன, ரோட்டையும் புதிதாகப் போட்டுவிட்டார்கள். கந்தளாய்க்குப் போகாமலிருக்க அப்பாவிடம் மிஞ்சியிருந்த காரணம் அந்த எண்ணெய் ஒன்றுதான்.

ஒழுகியதும் பொய்யில்லை. முற்றத்தில் கார் நிற்கிற இடத்தில் கறுப்பாக ஒரு வட்டம் விழுந்திருந்தது. எண்ணெய் கசியாமல் அடைக்கிற ரப்பர் சீலை இரண்டு தடவை மாற்றியும் நிற்கவில்லை. கடைசியில் அம்மா அப்பாவைக் கேட்காமலே கிண்ணியாவிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்துவிட்டார். முஸ்லிம் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி 'நானா' என்றே அவரைக் கூப்பிட்டோம். அவர் சீல் பக்கமே போகவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, எண்ணெய் ஊற்றுகிற மூடியைத் திறந்தார். உள்ளேயிருந்து புகை விட்டு விட்டு வந்தது. மூடியின் உட்புறத்தில் தயிர் மாதிரி ஏதோ அப்பியிருந்தது. பிறகு ஒரு ரப்பர் குழாயைக் கழற்றி, அதன் நுனியில் விரலளவு இருந்த வால்வை எடுத்து என் காதுக்குக் கிட்டப் பிடித்து ஆட்டினார். ஒன்றும் கேட்கவில்லை.

"ஆட்டினாச் சத்தம் வரவேணும் மகள். வந்தாத்தான் அதுக்கு உயிர் இருக்கு."

அப்பாவுக்கு அவர் விளங்கப்படுத்தியதை நானும் நின்று கேட்டேன். பெற்றோல் எரியும்போது கொஞ்சப் புகை பிஸ்டனின் ஓரத்தால் நழுவி, எண்ணெய் கிடக்கிற அடிவயிற்றுக்குள் இறங்கிவிடும். எந்த எஞ்சினிலும் அப்படித்தான், அதில் பிழையில்லை. எஞ்சின் தானே அந்தப் புகையை இந்த வால்வு வழியாக மேலே உறிஞ்சி, புதுக் காற்றோடு சேர்த்துத் திரும்பவும் எரித்துவிடும். வழி அடைபட்டால் புகை போக்கிடமில்லாமல் உள்ளே நிரம்பி, எண்ணெயைச் சீலால் வெளியே தள்ளும். அடைத்ததற்குக் காரணம் எங்கள் ஏழு நிமிட ஓட்டம். புகையோடு நீராவியும் இறங்குகிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறினால் அது போய்விடும். சூடேறும் முன்பே நிறுத்தினால் தண்ணீராகி எண்ணெயோடு கலந்து தயிராகிவிடும்.

"வெளியால ஒண்டும் தெரியாது ஐயா. உள்ளுக்கதான் அமுக்கம்" என்றார் நானா. குழாயைக் கழுவி, புது வால்வைப் போட்டுவிட்டு, "இனித் தூர ஓட்டுங்க. கந்தளாய்க்கு ஒருக்காப் போய் வந்தாலே போதும்" என்றார்.

அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நான் முற்றமெல்லாம் குதித்தேன். அப்பா மட்டும் பழைய வால்வைக் கையில் வைத்து ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கார் திருந்தியதற்கு முகம் வாடிய மனிதரை நான் அன்றுதான் கண்டேன்.

அடுத்த ஞாயிறு காலை புறப்பட்டோம். முன்னால் இருப்பது எப்போதும் அம்மாதான். அன்று அப்பா என்னை முன்னுக்கு ஏறச் சொன்னார். பெரியம்மாவுக்கென்று எடுத்த தலையணைகளோடு அம்மா பின்னால் இருந்தார்.

"இடப்பக்கம் நீ பாத்துச் சொல்லு. சைக்கிள், மாடு, ஆள், என்ன வந்தாலும் சொல்லு. எத்தினை பிடிக்கிறாய் எண்டு பாப்பம்."

விளையாட்டு என்றுதான் நினைத்தேன். சீனன்குடாவைத் தாண்டும் முன்பே பதினொன்று பிடித்துவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் அப்பா "கெட்டிக்காரி" என்றார். என் பக்கம் திரும்பாமல், ரோட்டின் நடுக்கோட்டையே பார்த்தபடி சொன்னார். சில மாதங்களாக அவர் வீட்டில் கதவு நிலைகளில் தோளை இடித்துக்கொள்வதும், பக்கத்தில் வைத்த தேத்தண்ணியைத் தட்டி ஊற்றுவதும் எங்களுக்குப் பகிடியாக இருந்தது. நானே அதைப் பள்ளிக்கூடத்தில் நடித்துக் காட்டியிருக்கிறேன்.

கந்தளாய்க்குக் கிட்ட, வாய்க்கால் கரையிலிருந்து ஒரு சைக்கிள் ரோட்டுக்கு ஏறியது. பின்னால் புல்லுக்கட்டு. நான் அதை வடிவாக, தெளிவாகக் கண்டேன். ஆனால் அதற்குள் எனக்கு விளையாட்டு அலுத்துவிட்டது. எல்லாவற்றையும் நானே பிடிப்பதா, இதை அப்பா பிடிக்கிறாரா பார்ப்போம் என்று வாயை மூடிக்கொண்டேன். சைக்கிள் பெரிதாகிக்கொண்டே வந்தது. அப்பா காரைத் திருப்பவில்லை, வேகத்தைக் குறைக்கவுமில்லை. பயந்துபோய் நான் வாயைத் திறக்கவும் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது.

அந்த மனிதர் பிழைத்துக்கொண்டார். தோள் உடைந்து, வலது கை பிறகு தலைக்கு மேலே எழும்பவில்லை என்று கேள்விப்பட்டோம். யாரோ ஒருவர்தான் அவரை ஏற்றிக்கொண்டு எங்கள் காரை ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். அதுவரைக்கும் அப்பா ரோட்டில் குந்தியிருந்து சிதறிய புல்லைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார். பெரியம்மாவை அன்று கொண்டுவரவில்லை, பிறகும் கொண்டுவரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வெடித்தார். "உங்கட கண் எங்க போனது? நாளைக்கே போய்க் கண்ணைக் காட்டுங்கோ!" அப்பா குசினியில் அடுப்புக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து, சட்டையில் ஒட்டியிருந்த புல்லை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். அம்மா அழுது ஓய்ந்த பிறகு அப்பா என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"நீயும் அந்த ஆளைக் காணேல்லத்தானே, பிள்ளை?"

கண்டேன் என்றால் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்.

"ஓம் அப்பா. நானும் காணேல்ல."

அப்பா நீளமாக ஒரு மூச்சு விட்டார். அன்று முழுக்க இல்லாத ஒரு தெளிவு முகத்தில் வந்தது. "பாத்தீரே, பிள்ளையே காணேல்லையாம். மனிசன் திடீரெண்டு வந்திட்டுது" என்று அம்மாவிடம் சொன்னார். கண்ணைக் காட்டுகிற கதை அதோடு நின்றுபோனது.

ஒன்றரை வருடம் கழித்து, முற்றத்துப் படியில் தவறி விழுந்த பிறகுதான் அப்பா கண் டொக்டரிடம் போனார். கண்ணுக்குள் எந்நேரமும் நீர் ஊறிக்கொண்டிருக்குமாம். அது வெளியேற ஒரு சின்ன வழி உண்டாம். அது அடைபட்டால் உள்ளே அமுக்கம் ஏறி, நோவே இல்லாமல், பக்கப் பார்வையை முதலில் தின்றுவிடுமாம். போன பார்வை திரும்பாது, மிஞ்சியதைத்தான் காக்கலாம். அப்பாவுக்கு மிஞ்சியிருந்தது ஒரு குழாயால் பார்க்கிற அளவு. ஒரு வருடம் முந்தி வந்திருந்தால், என்று டொக்டர் சொல்லத் தொடங்கி நிறுத்திக்கொண்டாராம். மிஞ்சியிருந்த அந்தக் கொஞ்சமும் இப்போது இல்லை.

அன்று குசினியில் அப்பா என்னைத் தண்டிக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். நல்ல கண் உள்ள ஒருத்தியிடம் தன் கண்ணைப் பற்றித்தான் அவர் கேட்டார் என்பது பத்து வயதில் எனக்கு விளங்கவில்லை. நான் சொன்னதை அப்பா நம்பினார்.