வரி மறந்த பாடகி

எங்கள் இசைக்குழுவின் தலைவியை நான் 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவேன். கேலியாகத் தொடங்கியது, அப்படியே நிலைத்துவிட்டது. என்னைவிட எத்தனையோ வயது இளையவள். ஆனால் மேடையில் அவள் கையசைத்தால் ட்ரம்ஸ் அடங்கும், சாக்ஸபோன் எழும். கீபோர்டில் இருக்கும் நான் வாயைப் பொத்திக்கொண்டு வாசிப்பேன். ஹட்டன் கடைவீதியில் பிறந்து வளர்ந்த வாய் இது; வேறு யாருக்கும் அடங்கியதில்லை.

ஏப்ரல் சீசனில் நுவரெலியா ஹோட்டலில் அவள் ஜாஸ் பாடுகிறாள் என்றால், கொழும்பிலிருந்து ஆட்கள் முன்கூட்டியே மேசை பிடிக்கிறார்கள். ஹட்டனில் அவள் பாட்டு ஓடாத ஆட்டோ இல்லை. ஆனால் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அவளுடைய அம்மா மட்டும் மகள் மேடையில் பாடிக் கேட்டதே இல்லை. "ஹோட்டல்ல பாடுறவளோட அம்மா" என்று தோட்டத்து லயன் வீடுகளில் யாரோ குத்தலாகச் சொல்லப்போக, மகளின் தொழிலைப் பற்றிப் பேசுவதையே அவர் விட்டுவிட்டார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? எவ்வளவு கைதட்டல் வாங்கினாலும் பாஸுக்கு அந்த வலி ஆறவில்லை.

போன வருடம் அவர்கள் தோட்டத்துத் திருவிழாவில் பாட எங்களை அழைத்தார்கள். "சாமி கும்பிடத்தான் வந்தேன்" என்று சொல்லிக்கொண்டு அம்மாவும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பகலெல்லாம் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவிலிருந்து தன்னைத் தூக்கி வரும்போது அம்மா தானே கட்டிப் பாடிய தாலாட்டைத்தான் பாஸ் கடைசியாக எடுத்தாள்.

"கூடைய எறக்கி வச்சேன், கொழுந்த நெறுத்துப்புட்டேன்..."

அதோடு சொற்களை விட்டுவிட்டு, ஜாஸில் செய்வதுபோல வெறும் ஓசைகளுக்குள் புகுந்தாள். "ஷபடு டுபடு" என்று அந்தக் குரல் வளைந்து ஏறும்போது நுவரெலியாவில் மூச்சுவிட மறப்பார்கள். இங்கே கூட்டம் முழித்தது.

"பாவம், பாட்டு மறந்துருச்சு போல!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிலர் சிரித்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கீபோர்டைத் தூக்கி எறிந்திருப்பேன்.

அம்மா எழுந்தார். போகத்தான் போகிறார் என்று நினைத்தேன். பாஸும் அப்படியே நினைத்திருக்க வேண்டும், அவள் குரல் நின்றுபோனது. அம்மாவோ மேடையருகே வந்து, சிரித்தவர்களை ஒரு முறை முறைத்துவிட்டு, மலைக்குக் கேட்கிற குரலில் அடுத்த வரியை எடுத்துக்கொடுத்தார்.

"இப்ப உன்னத் தூக்க வந்தேன், இன்னும் ஏண்டி அழுகுற!"

பாஸ் எங்களுக்குச் சைகை காட்டினாள். நாங்கள் அத்தனை பேரும் அந்த அம்மாவின் குரலுக்குப் பின்னால் போனோம். தாயும் மகளும் மாறி மாறிப் பாடினார்கள். சிரித்த அதே ஆட்கள் விசிலடித்தார்கள். எனக்குக் கண் கலங்கி, கட்டை எது என்று தெரியாமல்தான் வாசித்தேன்.

இறங்கி வந்ததும் நான் சும்மா இருக்காமல், "அம்மா, அவ மறக்கலைங்க, இந்தப் பாட்டுல அப்படித்தான்..." என்று தொடங்கினேன். பாஸ் என் காலை நன்றாக மிதித்தாள்.

அம்மா முந்தானையால் மகளின் முகத்தைத் துடைத்தார்.

"அடுத்து எங்கடி பாடுற? நானும் வாரேன். நான் இல்லாட்டி நீ மறந்துருவ."